முக ஜாடையும் கடத்து ஆர்.என்.ஏ.வும்

(பெங்களூர் நீலசந்திராவில், 2003 பொங்கல் விழாவில், உயிர்வேதியியல் பேராசிரியை மரகதம் பேசியது)

விழாவுக்குத் தலைமை தாங்கும் மன்றத் தலைவர் அவர்களே. அந்தத் தலைவர் என் உடன்பிறந்த அண்ணன் நாராயணசாமி என்பதால், காலையிலிருந்து என்னைக் கண்ணாலேயே அடக்கிக்கொண்டிருக்கும் அண்ணன் அவர்களே. முன்வரிசையில் முறுக்கிய மீசையோடும் மூக்குக்கண்ணாடியோடும் வீற்றிருக்கும் பெரியோர்களே. பந்தி பரிமாறி, பாத்திரம் ஒதுக்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே. இவள் எப்போது இறங்குவாள், ஆர்க்கெஸ்ட்ரா எப்போது ஏறும் என்று வாசலில் காத்திருக்கும் வாலிபச் செல்வங்களே. உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு புகார். அழைப்பிதழில் என் பேச்சுக்கு என்ன தலைப்புப் போட்டிருக்கிறார்கள், பார்த்தீர்களா? "மரபணுவே தலையெழுத்து." இந்தத் தலைப்பை நான் கொடுக்கவில்லை. நான் கொடுத்தது "கடத்து ஆர்.என்.ஏ.: அமைப்பும் பணியும்". மன்றச் செயலாளர் கவியரசனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மேடம், உங்க தலைப்பைப் போட்டா சேர்தான் உக்காந்திருக்கும், ஆளு இருக்காது. அதுவுமில்லாம அண்ணன்தான் மாத்தச் சொன்னாரு" என்றார். சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணன் ஏன் மாற்றச் சொன்னார்? ஊரறிந்த விஷயத்தைத்தான் சொல்லப் போகிறேன். அவர் மகள் தீபிகா, என் மருமகள், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அதே கம்பெனியில் ஒக்கலிபுரத்துப் பையன் எத்திராஜ். இருவருக்கும் பிடித்தது, இரண்டு வீட்டிலும் பேசினார்கள், போன மாதம் நிச்சயதாம்பூலம் நடந்தது. உங்களில் பாதிப் பேர் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள்தான். அன்றைக்குப் பெண் வீட்டுப் பெண்கள் சம்பந்தியம்மாவிடம் ஏதோ கேட்டிருக்கிறார்கள். அவருக்குக் காது கேட்கவில்லை. சரி, வயதாகிவிட்டது என்று பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் அக்கா உஷாவிடம் கேட்டிருக்கிறார்கள். அவருக்கும் கேட்கவில்லை. முப்பத்தைந்து வயதுகூட இல்லை. விசாரித்தால் அம்மாவுக்கும் சர்க்கரை, மகளுக்கும் சர்க்கரை. இரண்டு பேரும் ஒல்லி. அவ்வளவுதான், எங்கள் சொந்தக்காரர்கள் ஒன்றுகூடி விட்டார்கள்.

ஒன்றுகூடியவர்கள் என்ன செய்தார்கள்? டாக்டரைக் கேட்டார்களா? இல்லை. நான் இருபது வருடமாகக் கல்லூரியில் இதைத்தானே பாடம் நடத்துகிறேன், என்னைக் கேட்டார்களா? இல்லை. எத்திராஜின் முகத்தைப் பார்த்தார்கள். மூக்கு அம்மா மூக்கு. முகவாய் அம்மா முகவாய். எங்கள் பெரியம்மா ஒருவர் ஒருபடி மேலே போய், "காதைப் பாருங்க, மடலு கூட அவங்கம்மாவுதுதான்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். பையன் அம்மா ஜாடை, ஆகவே அம்மாவின் நோய் பையனுக்கு, ஆகவே நாளைக்குப் பேரப்பிள்ளைகளுக்கு. முடிந்தது. மறு வாரம் தாம்பூலத் தட்டு திரும்பிப் போனது. அதையும் நேரில் போய்ச் சொல்லவில்லை, தட்டை ஆளிடம் கொடுத்தனுப்பிவிட்டுப் போனில் சொன்னார்கள்.

அதற்குப் பிறகுதான் அண்ணனுக்கு என் நினைவு வந்தது. "நீ படிச்சவ. பரம்பரையில வர்றதை யாராலயும் தடுக்க முடியாதுன்னு மேடையில நீ சொன்னா ஊரு ஒத்துக்கும் மரகதம்" என்றார். சொல்கிறேன் அண்ணா. ஊர் ஒத்துக்கொள்ளும்படியே சொல்கிறேன். இது இன்னொரு வீட்டின் நோய்க்கதை ஆயிற்றே, மேடையில் பேசலாமா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். எத்திராஜும் உஷாவும் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் பேசச் சொன்னதால்தான் பேசுகிறேன். உஷா என் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார். அதனால்தான் நான் வலப்பக்கம் திரும்பாமல் நேராகவே பேசுகிறேன். தலைவரை அவமதிப்பதாக நினைக்காதீர்கள்.

அவையோரே, மரபணு என்கிறீர்கள், டி.என்.ஏ. என்கிறீர்கள், வாய்க்கு வாய் தலையெழுத்து என்கிறீர்கள். எழுத்து இருந்தால் போதுமா? எழுதி வைத்ததை எடுத்துப் படிக்க ஆள் வேண்டாமா? படித்ததைப் பொருளாக்கிக் கொண்டுவந்து கொடுக்கக் கை வேண்டாமா? கடையில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் சீட்டே சோறாகிவிடுமா? உயிரணுவுக்குள் எழுத்துக்கும் உடம்புக்கும் நடுவே நின்று, ஒரு கையால் எழுத்தைத் தொட்டு, மறு கையால் பொருளைக் கொடுக்கிற ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் கடத்து ஆர்.என்.ஏ. எல்லோரும் டி.என்.ஏ.வுக்கு மாலை போடுகிறார்கள், இவருக்கு ஒரு முழம் பூ வைக்க ஆளில்லை. எனக்கு அதில் தீராத எரிச்சல் உண்டு.

இப்போதுதான் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன். சமையல்காரர் வரிசை சொல்லிவிட்டார்: முதலில் உப்பு, அப்புறம் பொரியல், அப்புறம் சாம்பார், அப்புறம் ரசம். அந்த வரிசைதான் டி.என்.ஏ.விலிருந்து படியெடுத்து வருகிற தூது ஆர்.என்.ஏ. அது மும்மூன்று எழுத்தாகப் பேசும். மூன்று எழுத்துக்கு ஒரு பதார்த்தம். பதார்த்தம் என்பது இங்கே அமினோ அமிலம். மொத்தம் இருபது வகை. அவற்றை வரிசை பிசகாமல் கோத்தால்தான் புரதம். புரதம் இருந்தால்தான் தசை, தோல், ரத்தம், இன்சுலின், எல்லாம். அந்தக் கோக்கும் வேலை நடக்கிற இடம் ரைபோசோம். அதுதான் உங்கள் இலை.

பரிமாறுகிறவர்தான் நம் கடத்து ஆர்.என்.ஏ. ஒருவர் கையில் ஒரு வாளிதான். சாம்பார்க்காரர் பாயசம் தொடமாட்டார். இவருடைய உடம்பு எழுபத்தைந்து எழுத்தை ஒட்டிய ஒரே ஒரு சரடு. அந்தச் சரடு தன்மேலேயே மடிந்து, எழுத்தோடு எழுத்து கைகோத்துக்கொள்ளும். தாளில் வரைந்தால் மூன்று இதழ் இலை மாதிரி இருக்கும். நிஜத்தில் இன்னும் ஒருமுறை வளைந்து, கவிழ்த்த ஆங்கில 'எல்' எழுத்தாக நிற்கும். ஒரு முனையில் மூன்று எழுத்து. தூது கொண்டுவந்த மூன்று எழுத்தோடு அது பொருந்துகிறதா என்று தொட்டுப் பார்க்கும். மறு முனையில் கொக்கி. அங்கேதான் அமினோ அமிலம் தொங்கும். எழுத்து ஒரு முனை, பொருள் மறு முனை. இரண்டு மொழி தெரிந்தவர் இவர். நம்மைப் போலப் பாதி கன்னடம் பாதி தமிழ் என்று கலந்தடிக்கிற வழக்கம் மட்டும் இவருக்குக் கிடையாது.

வாளியை நிரப்புவது யார்? அதற்கென்று தனி என்சைம்கள் இருக்கின்றன. சமையலறை வாசலில் நின்று, வருகிற ஆளின் உருவத்தைத் தடவிப் பார்த்து, இவர் சாம்பார்க்காரர், இவருக்குச் சாம்பார்தான் என்று ஊற்றி அனுப்பும். அந்த என்சைம் பிசகினால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. நாற்பது வருடத்துக்கு முன்னால் விஞ்ஞானிகள் சோதித்தே பார்த்தார்கள். கொக்கியில் தொங்கிய அமினோ அமிலத்தை மட்டும் வழியிலேயே வேறொன்றாக மாற்றிவிட்டார்கள். ரைபோசோம் கண்டுபிடித்ததா? இல்லை. பாயசக்காரர் வந்தார், ஊற்றினார், இலையில் விழுந்தது ரசம். எழுத்து சரி, வரிசை சரி, இலை சரி. ஆனாலும் சாப்பாடு கெட்டது. இப்போது சொல்லுங்கள், தலையெழுத்து ஒன்றே எல்லாம் என்று எப்படித் தலைப்புப் போடுகிறீர்கள்?

என்ன கவியரசன், கடிகாரத்தைக் காட்டுகிறீர்களா? தெரிகிறது. இதற்கு முன்னால் பேசியவர் பொங்கல் பானையிலிருந்து புறப்பட்டுப் பூமியைச் சுற்றி வந்தார், அப்போது உங்கள் கடிகாரம் ஓடவில்லையா? பின்னால் இருக்கும் அம்மா, குழந்தை அழுதால் அழட்டும், எழுந்து போகாதீர்கள். இனிமேல்தான் கல்யாண விஷயம்.

நம் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று நூற்றுக்கணக்கான குட்டி அடுப்புகள் எரிகின்றன. உடம்புக்கு வேண்டிய சக்தி அங்கே பிறக்கிறது. அந்த அடுப்புகளுக்கென்று தனியாக ஒரு சின்ன டி.என்.ஏ., தனியாக இருபத்திரண்டு கடத்து ஆர்.என்.ஏ. உண்டு. இந்த அடுப்புகள் பிள்ளைக்கு யாரிடமிருந்து வருகின்றன? அம்மாவிடமிருந்து. அம்மாவிடமிருந்து மட்டும். அப்பாவின் அடுப்பு கருவில் நிலைப்பதில்லை. ஆண் எவ்வளவு உரக்கப் பேசினாலும் சரி, எத்தனை மன்றத்துக்குத் தலைவராக இருந்தாலும் சரி, இந்த விஷயத்தில் அவர் பிள்ளைக்குக் கொடுப்பது ஒன்றுமில்லை. தாய்மார்கள் கைதட்டுகிறீர்கள், தட்டுங்கள்.

அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவரின் உடம்பில் ஒரே ஒரு எழுத்து மாறினால்? 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஜி' வந்துவிட்டால்? அவர் மடிய வேண்டியபடி மடிய மாட்டார். கால் சுளுக்கியவர் வாளியோடு தடுமாறுகிற மாதிரி, பந்தி அவரிடத்தில் வந்து நிற்கும். அடுப்புக்கு வேண்டிய புரதம் வராது, அடுப்பு மங்கும். அடுப்பு மங்கினால் முதலில் வாடுவது அதிகச் சக்தி கேட்கிற இடங்கள். காதுக்குள் ஒலி உணரும் அணுக்கள். இன்சுலின் சுரக்கிற அணுக்கள். காது மந்தம், சர்க்கரை, ஒல்லி உடம்பு. எத்திராஜின் அம்மாவுக்கும் உஷாவுக்கும் இருப்பது இதுதான். ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டோம். சந்தேகமே இல்லை.

"அப்போ பையனுக்கு?" என்று அங்கிருந்து யார் கேட்டது? பெரியம்மாவா? நல்லது, இன்றைக்காவது கேட்டீர்களே. ஆமாம், அம்மாவிடமிருந்து எத்திராஜுக்கும் அந்த எழுத்து வந்திருக்கிறது. ஆனால் அம்மாவின் எல்லா அடுப்பிலும் எழுத்து மாறியிருக்காது. கல் கலந்த அரிசியை ஆளுக்கொரு பிடி அள்ளினால் ஒருவர் பிடியில் கல் கூடும், ஒருவர் பிடியில் குறையும் இல்லையா? அப்படி எத்திராஜுக்குக் குறைவாக வந்திருக்கிறது. பின்னாளில் அவருக்குச் சர்க்கரை வரலாம், காது மந்தமாகலாம், வராமலும் போகலாம். மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. தீபிகாவிடம் அவரே சொல்லிவிட்டார். ஆனால் எத்திராஜின் பிள்ளைகளுக்கு அது போகாது. ஏன்? அவர் அப்பா, அம்மா இல்லை. மூக்கு யார் ஜாடை, முகவாய் யார் ஜாடை, காது மடல் யார் ஜாடை என்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முகம் எழுதியிருப்பது வேறு டி.என்.ஏ.வில். அது அப்பா பாதி, அம்மா பாதி.

பின்னாளில் சர்க்கரை வரக்கூடிய பையனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்கிறார் தலைவர், என் காதில் விழுகிறது. அண்ணா, உனக்குச் சர்க்கரை இல்லையா? நமக்கு முன்னால் நம் அப்பாவுக்கு இல்லையா? இன்றைக்குப் பந்தியில் பாயசத்தை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கியது யார்? உன் ஜாடையில் மகள் இருக்கிறாளே, அவளுக்கு வருமா என்று ஒக்கலிபுரத்துக்காரர்கள் கேட்டார்களா? மன்னிக்க வேண்டும், மேடையில் "நீ" என்று சொல்லிவிட்டேன். திருத்திக்கொள்ளப் போவதில்லை.

இப்போது இந்த ஜாடைத் தீர்ப்பின் இன்னொரு பாதியைக் கேளுங்கள். உஷாவுக்கு ஒரு மகள் இருக்கிறாள், வைஷ்ணவி. ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். அம்மாவுக்கும் பாட்டிக்கும் காது மந்தமாயிற்றே, பிள்ளைக்கும் ஒரு பரிசோதனை செய்வோம் என்று யாருக்காவது தோன்றியதா? தோன்றவில்லை. ஏன்? அவள் அப்பாவை உரித்து வைத்தாற்போல் இருக்கிறாள். அதே நெற்றி, அதே கண், அதே நிறம். அப்பா ஜாடை, ஆகவே அம்மாவின் நோய் இல்லை என்று அந்த வீட்டிலும் முடிவு கட்டிவிட்டார்கள். அம்மா ஜாடையில் பிறந்த பையனுக்குக் கல்யாணத்தை நிறுத்தினோம், அப்பா ஜாடையில் பிறந்த பெண்ணுக்கு வைத்தியத்தை நிறுத்தினோம். இரண்டு வீடும் போட்டி போட்டுக்கொண்டு தலைகீழாகச் செய்திருக்கிறோம் அவையோரே.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கவனம் இல்லை என்றார்கள். டிக்டேஷனில் பாதி வார்த்தையை விடுகிறாள் என்றார்கள். கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார்கள். அங்கே இன்னும் கேட்கவில்லை. ஒருநாள் வகுப்பு டீச்சர் கோபத்தில் "கிவி கேளல்வா?" என்று கத்தியிருக்கிறார். காது கேட்கவில்லையா என்று. அது திட்டு. ஆனால் அந்தப் பிள்ளையைச் சுற்றியிருந்த அத்தனை பேரில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான், அவரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நான் ரத்தம் எடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனபோது இந்தப் பிள்ளை நான் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாமல், முன்னால் வந்தால் மட்டும் சிரித்தது. மறுநாளே காது டாக்டரிடம் அழைத்துப் போகச் சொன்னேன். மெல்லிய ஒலிகள் பல அவளுக்கு எட்டவே இல்லை. இப்போது இரண்டு காதிலும் கருவி போட்டிருக்கிறாள். அம்மா பக்கத்தில் மஞ்சள் பாவாடையில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

கைதட்டுகிறீர்கள். எதற்கு என்று புரிகிறது. எத்திராஜின் பிள்ளைகளுக்கு நோய் வராது, கல்யாணம் நடக்கலாம், அத்தை வழக்கில் ஜெயித்துவிட்டாள் என்று தட்டுகிறீர்கள். அந்தக் கைதட்டல் எனக்கு வேண்டாம். கையை இறக்கிவிட்டு ஒரு நிமிடம் யோசியுங்கள். அப்பாவிடமிருந்து போகாது, அம்மாவிடமிருந்து போகும் என்று நான் சொன்னேனே, அந்த ஒரு வாக்கியத்தில் எத்திராஜை விடுதலை செய்தேன். அதே வாக்கியத்தில் யாரைச் சிறைபிடித்தேன்? இந்த மஞ்சள் பாவாடையை. பத்து வருடம் கழித்து இவளைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வரும். அந்தக் குடும்பத்தில் ஒரு நாராயணசாமி இருப்பார். நீலசந்திரா விழாவில் அந்த மேடம் சொன்னாங்களே என்று அவர் என் பேச்சையே எடுத்துக் காட்டுவார். இதற்காகவா நான் படித்தேன்? ஒருவருக்கு நற்சான்று கொடுத்து இன்னொருவர் நெற்றியில் முத்திரை குத்துவதற்கா கடத்து ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்தார்கள்?

இந்தப் பயத்தில் நான் பேசாமலே இருந்துவிடலாம் என்று பார்த்தேன். நேற்று உஷாவிடம் போய், எழுதிக்கூடக் காட்டாமல், முகத்துக்கு முகம் உட்கார்ந்து சொன்னேன்: இதை மேடையில் சொன்னால் தம்பிக்கு நல்லது, உங்கள் மகளுக்குக் கஷ்டம், சொல்லட்டுமா? அவர் மகளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "சொல்லுங்க மேடம். கூப்பிட்டா வரலைன்னு இத்தினி நாளா அவளைப் போட்டு அடிச்சிருக்கேன். அவளுக்குக் கேக்கலைன்னு எனக்குத் தெரியாது. எனக்கே கேக்காதே, எப்படித் தெரியும்? இனிமே யாருக்கும் தெரியாம இருக்கக் கூடாது."

தாய்மார்களே, அழ வேண்டாம். அழுதால் எனக்குக் கோபம் இன்னும் ஏறும். அந்தத் தாய்க்கு இருக்கிற தைரியத்தில் கால்பங்கு நமக்கு இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் அம்மாவழியில் காது மந்தமும் சர்க்கரையும் சேர்ந்து இருந்தால், ஜாடை பார்க்காதீர்கள். எல்லாப் பிள்ளைகளையும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். காதைப் பாருங்கள், சர்க்கரையைப் பாருங்கள். முன்கூட்டியே தெரிந்தால் கருவி உண்டு, மருந்து உண்டு, பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சு உண்டு. மாறிய எழுத்தை அழித்து எழுத இன்றைக்கு என்னால் முடியாது, உலகத்தில் யாராலும் முடியாது. அது உண்மை. ஆனால் அடிக்காமல் இருக்க முடியும். போனில் கல்யாணத்தை நிறுத்தாமல் இருக்க முடியும். அதற்கு எந்த ஆராய்ச்சிச் சாலையும் வேண்டியதில்லை.

அண்ணா, கடைசியாக உன்னிடம். எத்திராஜின் பிள்ளைகளுக்கு வராதாமே, அப்படியானால் சரி என்று நீ சம்மதித்தால், அந்தச் சம்மதம் எனக்கு வேண்டாம். தீபிகாவுக்கும் வேண்டாம், நேற்றே என்னிடம் சொல்லிவிட்டாள். வரும் என்றே வைத்துக்கொள். உன் பேத்தி இந்த மஞ்சள் பாவாடைப் பிள்ளையைப் போலக் காதில் கருவியோடு உன் மடியில் உட்காருவாள் என்றே வைத்துக்கொள். அவளை மடியிலிருந்து இறக்கிவிடுவாயா? இறக்கிவிட மாட்டாய் என்றால் ஒக்கலிபுரத்துக்குத் தட்டு திரும்பிப் போக வேண்டும், இந்தமுறை நீயே எடுத்துக்கொண்டு போக வேண்டும். இறக்கிவிடுவாய் என்றால், எங்கள் பெண்ணை உன் வீட்டிலிருந்து நான் அழைத்துக்கொண்டு போகிறேன்.

பதிலை என்னிடம் சொல்லாதே. சாயங்காலம் வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று கண்ணைக் காட்டாதே. எழுந்து நின்று, மூன்றாவது வரிசையைப் பார்த்துச் சொல். மீசையை ஒதுக்கி, உதடு தெரிய, நிதானமாகச் சொல். அங்கே அம்மாவும் மகளுமாக இரண்டு பேர் உன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் புரிய வேண்டும்.

எரிந்து விழுந்த என்னைப் பொறுத்துக்கொண்டு, எழுந்து போகாமல் கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வாசலில் நிற்கும் வாலிபர்களுக்கும் என் நன்றி, என் வணக்கம். அண்ணா, மைக்கை நான் அணைக்கவில்லை.